கேலியம் உண்டு, மெக்னீசியம் இல்லை: கனிம ஆராய்ச்சியில் வல்லுநர் குழுக்கள் எப்படி முடிவெடுக்கின்றன?

2023 ஜூன் 28 அன்று மத்திய சுரங்க அமைச்சகம், நாட்டுக்கு இன்றியமையாத கனிமங்கள் என்று 30 பெயர்களை வெளியிட்டது. லித்தியம், கோபால்ட், கிராஃபைட், டைட்டேனியம், கேலியம் எல்லாம் அதில் இருந்தன. மெக்னீசியம் இல்லை, அதன் தாதுவான மேக்னசைட்டும் இல்லை. ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர் வைத்திருக்கும் சேலத்தில் இது கண்ணில் படாமல் போகுமா? செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டிப் பக்கம் நூறாண்டுக்கு மேலாக வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, டெல்லி மறந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், தென்கொரியா என்று பல நாடுகளின் பட்டியல்களில் மெக்னீசியம் இருக்கும்போது அந்த ஆதங்கம் இன்னும் கூடும்.

நடந்தது அதைவிடச் சுவாரசியம் குறைந்தது. ஒரு வல்லுநர் குழுவிடம் என்ன கேள்வி கேட்கப்படுகிறது, எந்த எண்கள் அதன் மேசைக்கு வருகின்றன என்ற இரண்டும்தான் பதிலில் பெரும்பங்கைத் தீர்மானிக்கின்றன. உறுப்பினர்களின் அறிவுக்கூர்மை அதற்கு அப்புறம்தான் வருகிறது. சேலம் வட்டாரத்துக் கனிமங்களை வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். சேலத்தில் நிபுணர் குழு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சுரங்கத்துக்கும் சாலைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி பரிசீலிக்கும் குழுதான். அது 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் இயங்குவது. குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கு அனுமதி தரலாமா, என்ன நிபந்தனை போடலாம் என்று மட்டும் அது பார்க்கும். ஆராய்ச்சிக்கு ஆலோசனை சொல்லும் குழுக்கள் வேறு வகை. அவற்றுக்குச் சட்ட அதிகாரம் கிடையாது, பரிந்துரைதான். அவற்றிலும் மூன்று ரகம் உண்டு. ஒரே கேள்விக்காக அமைக்கப்பட்டு அறிக்கை கொடுத்ததும் கலைந்துவிடுபவை. 2022 நவம்பரில் சுரங்க அமைச்சகம் அமைத்த ஏழு பேர் குழு அப்படிப்பட்டது, மேலே சொன்ன பட்டியல் அதன் வேலை. ஆண்டுதோறும் கூடி ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கச் சொல்பவை இரண்டாம் ரகம். மூன்றாவது, பிரதமரின் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆலோசனைக் குழு மாதிரி ஒட்டுமொத்தத் திசையைப் பேசுபவை. அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவி 1999இல் உருவானது. முதலில் அமர்ந்தவர் அப்துல் கலாம். மூன்றாம் ரகத்துக்குச் செய்தித்தாளில் இடம் அதிகம். சேலத்து ஆய்வுக்கூடத்துக்கும் சூளைக்கும் உண்மையில் பாதிப்பை உண்டாக்குபவை முதல் இரண்டும்தான்.

ஆணையின் கேள்வி

ஒரு குழுவை அமைக்கும் ஆணை பெரும்பாலும் இரண்டு பக்கம். உறுப்பினர் பெயர்கள், தலைவர், உறுப்பினர் செயலர், எத்தனை மாதத்தில் அறிக்கை, அப்புறம் ஆய்வு வரம்பு. எல்லோரும் பெயர்களைத்தான் படிப்பார்கள். படிக்க வேண்டியது கடைசிப் பகுதி.

கஞ்சமலை இதற்குப் பழைய சாட்சி. அந்த மலையில் இருப்பது மேக்னடைட் குவார்ட்சைட். இரும்புச் சத்து ஏறக்குறைய 35 சதவீதம். பக்கத்தில் கோக் நிலக்கரி கிடையாது, இருப்பது நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. இந்த இரண்டையும் வைத்து இரும்பு உருக்க முடியுமா என்று கேட்டால், ஆய்வகம் சோதித்துப் பார்த்துத் தொழில்நுட்பப் பதில் ஒன்றைச் சொல்லும். ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் குட்டை ஊதுலையில் அந்த வகைச் சோதனைகள் நடந்தன. ஆனால் சேலத்தில் எந்த எஃகை உருவாக்கினால் சந்தையில் நிற்கும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. 1970இல் அடிக்கல் நாட்டப்பட்ட சேலம் உருக்காலை, 1981இல் உற்பத்தி தொடங்கியபோது கஞ்சமலைத் தாதுவை உருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகுச் சுருளை மெல்லிய தகடாக உருட்டியது. சொந்தமாக எஃகு உருக்கும் பிரிவு அங்கே வந்தது 2010இல்தான். தாது இருக்கும் இடத்தில் ஆலை என்ற கணக்குக்கும், தகடு விற்கும் இடத்துக்கு ஏற்ற ஆலை என்ற கணக்குக்கும் இருந்த இடைவெளி இது. இரண்டில் எதைக் கேட்கிறோம் என்று ஆணையிலேயே தெளிவில்லாவிட்டால், குழு தனக்குத் தெரிந்த பாதிக்கு மட்டும் பதில் சொல்லும். உலோகவியலாளர்கள் நிரம்பிய குழு உலை வெப்பநிலையைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிவிட்டு, சரக்குக் கட்டணத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

பட்டியல் போட்ட விதம்

2022இல் அமைக்கப்பட்ட குழு மூன்று கட்டமாக வேலை செய்தது. முதலில், முக்கியப் பொருளாதாரங்கள் இன்றியமையாதவை என்று கருதும் தனிமங்களையும் கனிமங்களையும் திரட்டியது. 69 பெயர்கள் தேறின. இரண்டாவது, மின்சாரம், அணுசக்தி, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, உரம் என்று அந்தந்தப் பொருளைப் பயன்படுத்தும் துறைகளைக் கேட்டது. மூன்றாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் முறையைத் தழுவிய கணக்கு. பொருளாதார முக்கியத்துவம் ஒன்று, விநியோக ஆபத்து இன்னொன்று. இந்த இரண்டு அளவுகோல்களிலும் மேலே வருபவைதான் பட்டியலுக்குள் வரும்.

விநியோக ஆபத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் வெள்ளைக்கல்லின் கதை அங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளை எத்தனை நாடுகள் உற்பத்தி செய்கின்றன என்று பார்த்து, ஒவ்வொரு நாட்டின் பங்கையும் இருமடிப்பெருக்கி (வர்க்கம் எடுத்து) கூட்டுவார்கள். நான்கு நாடுகள் தலா 25 சதவீதம் என்றால் கூட்டல் 2,500. ஒரு நாடு 60, மற்ற இரண்டு தலா 20 என்றால் 4,400. எண் ஏற ஏற ஆபத்து ஏறும். அந்த நாடுகளின் ஆட்சி நிலைத்தன்மைக்கு ஏற்ப அது திருத்தப்படும். பழைய பொருளை மறுசுழற்சி செய்து எவ்வளவு ஈடுகட்டலாம், மாற்றுப் பொருள் உண்டா என்பவை ஆபத்தைக் குறைக்கும். அப்புறம் இறக்குமதிச் சார்பு. ஐரோப்பியச் சூத்திரத்தில், முழுக்க இறக்குமதியை நம்பியிருந்தால் உலக விநியோகத்துக்குப் பாதி எடை, நாம் நிஜமாக வாங்கும் இடங்களுக்குப் பாதி எடை. உள்நாட்டில் வெட்டியெடுக்கும் அளவு கூடக் கூட, உலக விநியோகத்தின் எடை இறங்கும். உலகச் சந்தையை ஒரே நாடு பிடித்து வைத்திருந்தாலும், நம் வீட்டுக் கொல்லையிலேயே சுரங்கம் இருந்தால் மதிப்பெண் குறைந்துபோகும்.

இப்போது வெள்ளைக்கல்லை இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். மேக்னசைட் என்ற கனிமத்துக்கு இந்தியாவில் சுரங்கங்கள் உண்டு. சேலம் மட்டுமல்ல, உத்தராகண்டிலும் இருக்கின்றன. எனவே கனிம அளவில் கணக்கிட்டால் ஆபத்து பெரிதாகத் தெரியாது. ஆனால் எஃகு ஆலையின் கன்வெர்ட்டர் என்ற உலைக்குள் அடுக்கும் மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) கார்பன் கல்லுக்கு, 97 சதவீதத்துக்கு மேல் சுத்தமான, பெரிய படிகமுள்ள உருக்கிய மெக்னீசியா வேண்டும். அது கணிசமாகச் சீனாவிலிருந்து வருகிறது. கனிமத்தை எண்ணினால் ஒரு விடை, பண்டத்தை எண்ணினால் வேறு விடை. ஐரோப்பிய முறை 2017இல் திருத்தப்பட்டபோது, வெட்டியெடுக்கும் கட்டம், பதப்படுத்தும் கட்டம் இரண்டையும் பார்த்து எதில் ஆபத்து அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 2014 ஐரோப்பியப் பட்டியலில் மேக்னசைட் இருந்தது. 2017 பட்டியலில் வெளியேறியது. மூன்றாண்டில் பாறை மாறவில்லை, கணக்கு மாறியது.

உலோகமான மெக்னீசியம் இன்னொரு விவகாரம். மெக்னீசியம் பட்டியலுக்கு வந்தால் சேலத்துக்கு விடிவுகாலம் என்று எண்ணுவது அவசரம். உலகின் மெக்னீசிய உலோகத்தில் பெரும்பகுதி சீனாவில், டோலமைட்டைச் சுட்டு, ஃபெரோசிலிக்கானோடு சேர்த்து, வெற்றிடத்தில் 1,200 டிகிரி வாக்கில் சூடாக்கி எடுக்கப்படுகிறது. அந்தத் தொழிலுக்கு மேக்னசைட் அவசியமில்லை. அதன் பெரும்பகுதி போவது உலைகளின் உட்சுவருக்குத்தான். எனவே டெல்லிக்கு மனு எழுதுபவர் மெக்னீசியத்தைச் சேருங்கள் என்று கேட்டால், வெற்றி பெற்றாலும் பலன் டோலமைட் உள்ள ஊருக்குப் போகலாம். கேட்க வேண்டியது உயர்தூய்மை மெக்னீசியாவைத் தனி வரிசையாக மதிப்பிடச் சொல்லி.

சேர்வராயன் மலையின் பாக்சைட்டை எடுத்துக்கொண்டால் கதை தலைகீழ். மலையுச்சிச் சார்னோகைட் பாறை மழையில் கரைந்து கரைந்து உண்டான படிவு அது. மேட்டூரில் அலுமினியம் உற்பத்தியாகிவந்த காலத்தில் ஏற்காட்டுப் பாக்சைட் அங்கே போனது. அந்தப் பாக்சைட்டைப் பற்றிப் பட்டியலில் ஒரு சொல் இல்லை, கேலியம் இருக்கிறது. கேலியத்துக்கென்று தனிச் சுரங்கம் உலகில் அநேகமாகக் கிடையாது. அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு பாக்சைட்டில் இருக்கும், டன்னுக்குச் சில பத்து கிராம் அளவில். பாக்சைட்டைக் காரத்தில் கரைக்கும்போது ஏறக்குறைய 70 சதவீதம் கரைசலுக்குள் போகும், மீதி செம்மண் கழிவில் தங்கும். பட்டியல் வெளியான ஒரு வாரத்துக்குள், 2023 ஜூலை 3 அன்று, கேலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு ஆகஸ்ட் 1 முதல் உரிமம் வேண்டும் என்று சீனா அறிவித்தது. குழுவின் கணக்கு சரிதான் என்பதற்கு அதைவிட விரைவான சான்று கிடைத்திருக்காது.

ஆனால் பட்டியலில் பெயர் வந்ததால் ஏற்காட்டுக்கோ மேட்டூருக்கோ தானாக ஒன்றும் நடந்துவிடாது. கேலியம் எடுப்பதற்குச் சுற்றிக்கொண்டே இருக்கும் காரக் கரைசல் வேண்டும். அதாவது இயங்கும் அலுமினா ஆலை வேண்டும். மேட்டூர் ஆலை ஓடவில்லை. மீதி இருப்பது குட்டையில் கிடக்கும் செம்மண் கழிவு. அதிலிருந்து கேலியத்தையும் ஸ்காண்டியத்தையும் எடுப்பது ஆராய்ச்சிக் கேள்வி, உற்பத்திக் கேள்வி அல்ல. அங்கிருந்துதான் இரண்டாம் ரகக் குழுக்களின் வேலை தொடங்குகிறது.

விண்ணப்பம் போகும் வழி

சேலத்து ஆய்வுக்கூடம் ஒன்று, வெள்ளைக்கல் சுரங்கத்தின் கழிவு மேட்டிலிருந்து உலைக்கு ஏற்ற மெக்னீசியா தயாரிக்கப் பணம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாசல், சுரங்க அமைச்சகத்தின் அறிவியல் தொழில்நுட்பத் திட்டம். சத்யபாமா என்ற இணைய வாசல் வழியே விண்ணப்பம் போகும். திட்ட மதிப்பீட்டு மறுஆய்வுக் குழு அதை அலசும். சுரங்கத்துறைச் செயலர் தலைமையிலான நிலைத்த அறிவியல் ஆலோசனைக் குழு இறுதியாகப் பரிந்துரைக்கும். சிறு நிறுவனங்களுக்கும் ஸ்டார்ட்அப்புகளுக்கும் 2023இல் வந்த பிரிசம் என்ற கிளை உண்டு. அடிப்படை ஆராய்ச்சி என்றால் வேறு வாசல்: 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. முன்பு இருந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதற்குள் கலந்துவிட்டது.

எந்த வாசலானாலும் குழுவின் முன் நிற்கும் நேரம் பத்து, பதினைந்து நிமிடம்தான். ஒரு நாளில் இருபது முப்பது விண்ணப்பம் பார்க்கும் உறுப்பினர், உங்கள் ஐம்பது பக்கத்தில் மூன்று இடத்தைத்தான் தேடுவார்: மாதிரி எப்படி எடுத்தீர்கள், வேதியியல் ஆய்வு எந்த அடிப்படையில், இப்போதிருக்கும் வழியை விட உங்கள் வழி எதில் மேல். பல விண்ணப்பங்கள் முதல் இரண்டிலேயே விழுகின்றன.

மாதிரியில் நடக்கும் தவறு வழக்கமானது. வெள்ளைக்கல் டூனைட் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது. கையில் எடுத்தால் பளிச்சென்று இருக்கும் கட்டியை ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, அந்த எண்ணை மேட்டுக்கே உரியதாக எழுதிவிடுவார்கள். மேட்டில் இருப்பதோ டூனைட்டும் சிலிக்காவும் கலந்த சரக்கு. குழு கேட்பது பிரதிநிதித்துவ மாதிரி. கட்டியின் அளவு பெரிதானால் தேவையான மாதிரியின் எடை, அளவின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 50 மில்லிமீட்டர் கட்டியாக இருக்கும்போது எவ்வளவு எடுக்க வேண்டுமோ, 5 மில்லிமீட்டருக்கு உடைத்த பிறகு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். எனவே பெரிய குவியலை உடைத்து, கூம்பாகக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி உடைத்துக் குவிப்பது என்று படிப்படியாக இறங்க வேண்டும். இரண்டு கிலோ பையை நேரே கல்லூரிக்கு எடுத்துப்போன விண்ணப்பம், கேள்வி நேரத்தில் தாங்காது.

வேதியியல் எண்ணில் இன்னொரு பொறி. பச்சைக் கல்லில் மெக்னீசியம் ஆக்சைடு 46, சிலிக்கா 3, சுண்ணாம்பு ஆக்சைடு 0.8, இரும்பு ஆக்சைடு 0.2, சுட்டால் பறந்துபோகும் எடை 50 என்று வையுங்கள். சுட்ட பிறகு இதே கல்லில் மெக்னீசியம் ஆக்சைடு 92, சிலிக்கா 6, சுண்ணாம்பு 1.6. விண்ணப்பதாரர் 92 என்று எழுதுவார், மதிப்பீட்டாளர் 46 என்று குறித்த பழைய அறிக்கையை நீட்டுவார். இரண்டும் சரி. எந்த அடிப்படை என்று எழுதாததால் ஒரு கூட்டமே வீணாகும். சுத்தமான மேக்னசைட்டில்கூட ஆக்சைடு 47.8 சதவீதத்துக்கு மேல் இருக்க முடியாது. பச்சைக் கல்லில் அதற்கு மேல் யாராவது எழுதியிருந்தால் அந்தத் தாளை அங்கேயே மூடிவிடலாம்.

இந்தத் துறையை அறிந்த உறுப்பினர் இத்தோடு விடமாட்டார். சுண்ணாம்புக்கும் சிலிக்காவுக்கும் உள்ள விகிதத்தைக் கேட்பார். மேலே உள்ள கல்லில் அது 1.6ஐ 6ஆல் வகுக்க, 0.27. விகிதம் 1.87ஐத் தாண்டினால் துகள்களுக்கிடையே உருவாவது டைகால்சியம் சிலிகேட். 2,100 டிகிரிக்கு மேல்தான் உருகும். 0.93க்கும் 1.87க்கும் இடையே மான்டிசெல்லைட்டும் மெர்வினைட்டும் உருவாகும்; இவை 1,500, 1,575 டிகிரி வாக்கிலேயே கையை விரித்துவிடும். எஃகு உலை ஓடுவது 1,600க்கு மேல். 0.93க்குக் கீழே போகப் போக ஃபார்ஸ்டரைட் என்ற மெக்னீசியம் சிலிகேட் கூடும்; அதன் உருகுநிலை 1,890 என்பதால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் எஃகுக் கசடில் சுண்ணாம்பு நிறைய. அது ஃபார்ஸ்டரைட்டைத் தாக்கி, உருகுநிலை குறைந்த சிலிகேட்டுகளாக மாற்றும். ஆக, சேலம் கல்லின் பிரச்சினை மெக்னீசியம் ஆக்சைடு குறைவு என்பதை விட, சிலிக்கா அதிகம், சுண்ணாம்பு குறைவு என்பதுதான். சிலிக்காவை மிதப்பு முறையில் கழித்தால் மட்டும் போதாது. கழித்த பிறகு விகிதம் எங்கே போய் நிற்கிறது என்று காட்ட வேண்டும். சூளையில் 1,700 டிகிரிக்கு மேல் சுட்ட கட்டியின் அடர்த்தி, மெக்னீசியாவின் உச்ச அடர்த்தியான (கன சென்டிமீட்டருக்குக் கிராமில்) 3.58க்கு எவ்வளவு நெருங்குகிறது என்பது அடுத்த கேள்வி. 3.4 என்றால் குழு நிமிர்ந்து உட்காரும்.

பணம் வந்த பிறகு

ஒப்புதல் கிடைத்ததும் வேலை தொடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் அரசு கொள்முதல் விதிகளைப் பார்க்காதவர்கள். 1,700 டிகிரி உலை ஒன்று சில லட்சம் ஆகும். அறிவியல் கருவிகளுக்கு நேரடியாக வாங்கும் வரம்பு முன்பு 1 லட்சம், கொள்முதல் குழு வழியே 10 லட்சம்வரை. 2025 ஜூனில் இவை 2 லட்சமாகவும் 25 லட்சமாகவும் உயர்ந்தன. ஆராய்ச்சித் துறையினர் நெடுநாளாகக் கேட்டுவந்த சலுகை இது. அதற்கு முன்பு, மூன்றாண்டுத் திட்டத்தில் முதல் ஆண்டு டெண்டரிலேயே கரைந்ததும் உண்டு. ஆளெடுப்பது அடுத்த தலைவலி. இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். சூளையில் நின்று வேலை பார்க்கத் தெரிந்த எம்.டெக். படித்தவர் அந்தத் தொகைக்குச் சேலத்தில் மூன்றாண்டு தங்குவாரா என்பதைக் குழு கேட்பதில்லை. கேட்க வேண்டும். ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை நிற்கும். ஆள் போய்விட்டதாலோ கருவி வராததாலோ செலவாகாத பணம், சான்றிதழில் பல்லைக் காட்டும்.

இன்னொரு பக்கம், குழுவுக்குள்ளேயே இருக்கும் சிக்கல். உலைக்கல் துறையை ஆழமாக அறிந்தவர்கள் இந்தியாவில் மிகக் குறைவு; அவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஆலைக்கு ஆலோசகர், அல்லது விண்ணப்பம் போட்ட நிறுவனத்தின் பழைய ஆசிரியர். தன்னல முரண் இருந்தால் அந்த உருப்படி வரும்போது உறுப்பினர் வெளியே போக வேண்டும், அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும் என்பது நடைமுறை. எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. எழுதாமல் விடுவதுதான் பின்னால் சந்தேகமாக முளைக்கிறது. தொழில்துறை ஆளே வேண்டாம் என்று ஒதுக்குவதும் உதவாது: எத்தனை உருக்கு ஓட்டத்துக்குப் பிறகு கல் தேய்கிறது என்ற எண் ஆலைக்காரரிடம்தான் இருக்கிறது, பேராசிரியரிடம் இல்லை.

ஒருமித்த கருத்து என்ற பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து பேர் ஒப்புக்கொள்ளும்வரை வரைவைத் திருத்தினால், கடைசியில் மிஞ்சுவது மேலும் ஆராய்ச்சி தேவை என்ற வாக்கியம். அதற்குக் குழுவே தேவையில்லை. மறுப்புக் குறிப்பு இணைக்கப்பட்ட அறிக்கைகள் அரிதாக இருந்தாலும், படிப்பவருக்கு அவையே அதிகம் உதவுகின்றன. எங்கே சான்று மெலிந்திருக்கிறது என்று அந்தக் குறிப்பில்தான் தெரியும்.

பரிந்துரை பணமாக மாறுவது இன்னொரு பயணம். எந்தத் துறை, எந்தக் கணக்குத் தலைப்பு, எப்போதுக்குள் என்ற மூன்றும் இல்லாத பரிந்துரை கோப்பில் தூங்கும். மத்திய அரசில் 500 கோடிக்கு மேற்பட்ட திட்டம் செலவு நிதிக் குழுவின் முன் போக வேண்டும், 1,000 கோடிக்கு மேல் என்றால் அமைச்சரவை. இன்றியமையாத கனிமங்கள் பற்றிய 2023 அறிக்கை, இந்த வேலைக்கென்று ஒரு சிறப்பு மையம் வேண்டும், பட்டியலை அவ்வப்போது, கூடுமானால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, திருத்த வேண்டும் என்று குறிப்பாகவே சொன்னது. 2025 ஜனவரி 29 அன்று 16,300 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசிய இன்றியமையாத கனிம இயக்கத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. பொதுத்துறை நிறுவனங்களிடமிருந்து இன்னும் 18,000 கோடி எதிர்பார்க்கப்படுகிறது. அந்த ஆண்டே சிறப்பு மையங்கள் அறிவிக்கப்பட்டன: முதலில் ஏழு, பிறகு இரண்டு. ஐஐடிகள், புவனேசுவரம், ஜாம்ஷெட்பூர் ஆய்வகங்கள், பெங்களூரு ஐஐஎஸ்சி என்று போகிறது அந்த வரிசை. தமிழ்நாட்டு நிறுவனம் எதுவும் மையமாக இல்லை.

ஆனால் அந்த மையங்கள் ஒவ்வொன்றும் மையமும் ஆரமும் என்ற அமைப்பில் தொழிற்சாலைகளையும் கல்வி நிறுவனங்களையும் தங்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வகக் குடுவையைத் தாண்டி, முன்னோடி ஆலை அளவுக்குத் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோக வேண்டும். சேலத்துக்கு இது வசதியான நிபந்தனை. குடுவை எங்கும் கிடைக்கும். ஓடும் சூளையும், அதில் சரக்கு ஏற்றி இறக்கத் தெரிந்த கைகளும் எல்லா ஊரிலும் இல்லை. ஜாம்ஷெட்பூர் ஆய்வகத்துக்குச் சென்னை தரமணியில் ஒரு கிளையும் உண்டு. மேட்டூர்ச் செம்மண்ணோ, வெள்ளைக்கல் மேடோ, எதைப் பற்றிய விண்ணப்பமானாலும், தனியாகக் கதவைத் தட்டுவதை விட ஏற்கெனவே மையமாக இருக்கும் ஆய்வகத்தின் ஆரமாகப் போவதற்கு இப்போதைக்கு வாய்ப்பு அதிகம்.

அதிகம் பேர் கண்டுகொள்ளாத இன்னொரு வாசல் இந்தியத் தர நிர்ணய அமைவனம். உலைக்கற்களுக்கு அங்கே தனிப் பிரிவுக் குழு இருக்கிறது, எம்.டி.டி. 15 என்பது அதன் எண். ஒரு கல்லில் சிலிக்கா எத்தனை சதவீதம்வரை இருக்கலாம், அடர்த்தியை எப்படி அளக்க வேண்டும் என்று எழுதுவது அந்தக் குழுதான். வரைவுகளைக் கருத்துக் கேட்டுப் பொதுச் சுற்றுக்கு விடுவார்கள். அங்கே உயர் ரகத்துக்கு மட்டும் வரம்பு எழுதப்பட்டால், சேலம் சரக்குக்கு ஏற்ற பாதுகாப்புப் புறச்சுவர்க் கற்களும் உலைத்தரைப் பொடிகளும் ஒப்பந்தப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிடும். அதைத் தடுக்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. எந்தப் பிரிவு, எந்த எண், ஏன் மாற வேண்டும், அதற்கான சோதனை முடிவு என்ன என்று நான்கு பத்தியில் எழுதி, குறித்த தேதிக்குள் அனுப்பினால் குழு அதை உருப்படியாக எடுத்துக்கொண்டு, ஏற்றதா மறுத்ததா என்று பதிவு செய்ய வேண்டும். சோதனை முடிவை இணைக்காத கடிதம் குறித்துக்கொள்ளப்பட்டது என்ற ஒரு வரியோடு முடியும்.